ஆள் இருக்கிற மாதிரி

எங்கள் ஸ்டேஷனில் ஆட்களைவிடத் தொப்பிகள் அதிகம். உள்ளே நுழைந்ததும் வலப்பக்கச் சுவரில் வரிசையாக ஆணி அடித்து, ஒவ்வோர் ஆணியிலும் ஒரு தொப்பி தொங்கும். மாற்றலாகிப் போனவர்கள் விட்டுச் சென்றவை, ஓய்வு பெற்றவர் கொடுத்துவிட்டுப் போனது, வெளுத்துப்போய் யாரும் போட முடியாதது. ஏட்டம்மா வாரத்துக்கு ஒருமுறை அவற்றை இறக்கித் துடைத்து, இடம் மாற்றி மாட்டுவார். துடைப்பதைவிட இடம் மாற்றுவதில்தான் அவருக்குக் கவனம். ஒரே தொப்பி ஒரே ஆணியில் மாதக்கணக்கில் தொங்கினால் பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வந்துவிடுமாம்.

யாருக்குச் சந்தேகம் வரப்போகிறது என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"புகார் குடுக்க வர்றவனுக்கு வரக்கூடாது. புகாருக்கு ஆளாகி வர்றவனுக்கு வரவே கூடாது," என்றார்.

அவர் தலைமைக் காவலர். ஊரே ஏட்டம்மா என்றுதான் கூப்பிட்டது. அதிகாரிகள்கூடச் சில சமயம் வாய் தவறி அப்படியே கூப்பிடுவார்கள். குள்ளமான உருவம். தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்துத்தான் யாரையும் பார்ப்பார். அந்தச் சாய்ப்பில் எதிரில் நிற்கிற ஆறடி ஆளும் அவரைவிடக் குட்டையாகிவிடுவான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். உத்திரமேரூர்ப் பக்கம் கல் உடைக்கிற குடும்பம். அதனாலோ என்னவோ, எழுதி வைத்திருப்பதை அப்படியே நம்புகிற பழக்கம் எனக்கு உண்டு. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே இருந்த அந்த ஸ்டேஷனுக்கு இரண்டாம் நிலைக் காவலராக வந்த அன்று, இன்ஸ்பெக்டர் அறையில் மாட்டியிருந்த பலகையைத்தான் முதலில் படித்தேன். எஸ்.ஐ. இத்தனை, ஏட்டு இத்தனை, காவலர் இத்தனை என்று வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தது. பரவாயில்லை, பெரிய ஸ்டேஷன் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை ரோல்காலில் வரிசையில் நின்றது மூன்று பேர். நான், முழங்கால் வலியோடு ஓய்வுக்குக் காத்திருந்த ஒரு சிறப்பு எஸ்.ஐ., ஜீப் டிரைவர்.

மற்றவர்கள் எங்கே என்று கேட்டதற்கு ஏட்டம்மா ஒவ்வொருவராகச் சொன்னார். ஒருவர் ஓர் அதிகாரியின் முகாம் அலுவலகத்தில். இருவர் பயிற்சியில். ஒருவர் கோர்ட்டில், நிரந்தரமாக. இரண்டு பேர் வேறு மாவட்டத்துப் பந்தோபஸ்துக்குப் போனவர்கள், அங்கேயே அட்டாச் ஆகிவிட்டார்கள். மிச்ச இடங்களுக்கு ஆளே போடவில்லை.

"கல்யாணப் பத்திரிகையில போட்றாங்க பாரு, தங்கள் நல்வரவை விரும்பும்னு, அந்த மாதிரி. பேர் கீது. பந்திக்குத்தான் வரமாட்டாங்க."

அந்தப் பலகையில் இருந்த எண்ணிக்கையும் இன்றைக்கு வைத்ததல்ல. ஸ்டேஷன் திறந்த காலத்தில் சுற்றிலும் ஏரியும் வேர்க்கடலைக் கொல்லையும்தான். ஆடு திருட்டு, வரப்புத் தகராறு, கூழ் ஊற்றுகிற திருவிழாவில் சண்டை, அவ்வளவுதான் வழக்கு. அதற்குப் போதுமான ஆட்களைக் கணக்கிட்டார்கள். பிறகு கார் கம்பெனி வந்தது, போன் கம்பெனி வந்தது, கண்ணாடிக் கம்பெனி வந்தது. தெற்கேயிருந்து பெண் பிள்ளைகள் ஹாஸ்டல் ஹாஸ்டலாக வந்து இறங்கினார்கள். வடக்கேயிருந்து பையன்கள் வந்து ஒரு ரூமில் எட்டுப் பேராகத் தங்கினார்கள். கொல்லை மனையானது, ஏரிக்கரை சாலையானது. பலகையில் எண்ணிக்கை மட்டும் அப்படியே நின்றது. அதிலும் பாதிப் பேர் பந்திக்கு வராதவர்கள்.

இதைப் பற்றி ஏட்டம்மா புலம்பி நான் கேட்டதில்லை. இல்லாததை இருப்பதாகக் காட்டுவது அவருக்கு ஒரு வேலைமுறையாகவே ஆகிவிட்டிருந்தது.

ரோல்காலையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பேரை நிற்க வைத்துக்கொண்டு, ஸ்டேஷன் வாசலில், எதிர் டீக்கடைக்குக் கேட்கிற குரலில் டூட்டி பிரிப்பார். ஜங்ஷனுக்கு ரெண்டு பேர், கம்பெனி கேட்டுக்கு ரெண்டு பேர், சர்வீஸ் ரோடுக்கு ஒரு பைக் என்று வரிசையாகச் சொல்லுவார். அந்த ஐந்து பேரும் நான்தான். அவர் சொல்லச் சொல்ல "சரிங்க மேடம்" என்று ஒவ்வொரு தடவையும் நானே சொல்ல வேண்டும். ஒருமுறை டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, உங்க ஸ்டேஷன்ல பட்டாளமே கீது போல சார் என்று மரியாதையோடு சொன்னார். ஏட்டம்மாவிடம் வந்து சொன்னபோது அவருக்கு ஒரு மெடல் வாங்கிய சந்தோஷம்.

துவைத்த யூனிஃபார்ம் சட்டைகளை ஸ்டேஷனுக்குப் பின்னால் அல்ல, பக்கவாட்டில், சாலையில் போகிறவர்கள் பார்க்கிறபடி காயப்போடுவார். உள்ளே போனை எடுத்தால், மறுமுனையில் இருப்பவரை ஒரு நிமிடம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, காலி அறையைப் பார்த்து "அந்த ரெண்டு பேரையும் சத்தம் போடாம உக்காரச் சொல்லுப்பா" என்று அதட்டுவார். பிறகு போனில், சொல்லுங்க, இங்க கொஞ்சம் கூட்டம் என்பார். எனக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் திட்டு விழும்.

சேரப்பணஞ்சேரிப் பக்கம் வாடகை ரூம்கள் வரிசையாக இருக்கிற ஓர் இடத்தில் ஒரு சாயங்காலம் தண்ணீர் லாரிக்காகத் தகராறு. உள்ளூர்ப் பையன்கள் ஒரு பக்கம், வடக்கத்திப் பையன்கள் ஒரு பக்கம், கையில் பைப்பும் கட்டையும். போனது அவருடைய ஸ்கூட்டியில் நாங்கள் இரண்டு பேர். அவர் வண்டியை ஒரு காம்பவுண்டு சுவருக்கு இந்தப் பக்கமே நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கூட்டத்துக்கு நேராக நடந்து போய், பாதி வழியில் நின்று, என்னையும் தாண்டி அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்து, "யோவ், நீங்கள்லாம் அங்கயே நில்லுங்க. நான் கூப்ட்டா வந்தா போதும்," என்றார்.

சுவருக்குப் பின்னால் ஸ்கூட்டி மட்டும்தான் நின்றது. கட்டைகள் கீழே விழுந்த சத்தம் கேட்டது. அரை மணி நேரத்தில் இரண்டு பக்கத்துப் பையன்களையும் முறை வைத்துத் தண்ணீர் பிடிக்க வைத்துவிட்டார். திரும்பும்போது ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அவருடைய தோள் நடுங்குவது தெரிந்தது.

அவருக்கு இது எங்கிருந்து வந்தது என்பது, படப்பையில் அவருடைய வீட்டுக்கு ஒருநாள் போனபோதுதான் புரிந்தது. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, மனைப்பிரிவில் கட்டிய சின்ன வீடு. வாசலில் பெரிய ஆம்பளைச் செருப்பு ஒரு ஜோடி. கொடியில் கட்டம் போட்ட லுங்கி ஒன்று. சார் ஊரிலிருந்து வந்திருக்கிறாரா என்று கேட்டேன். அவர் கணவரைப் பற்றி அதுவரை எனக்கு எதுவும் தெரியாது.

"அவரு போயி ரொம்ப வருஷம் ஆச்சு. லாரி அடிச்சிட்டுது," என்றார் சாதாரணமாக. "நான் இந்த வூடு கட்டி வந்தப்போ சுத்துவட்டாரத்துல ஒரு லைட்டு கிடையாது. நானும் என் பொண்ணும்தான். அதுக்கோசரம் வாங்கிப் போட்ட செருப்பு. அடிப்பக்கம் பாரு, தேயவே இல்ல."

மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். பக்கத்தில் வீடுகள் நெருங்கி வந்துவிட்டன. ஆனாலும் மழை நாளில் அந்தச் செருப்பை உள்ளே எடுத்து வைத்து, மழை விட்டதும் வெளியே வைப்பதாக மகள் கேலி செய்தாள். "எங்கம்மா எங்கப்பாவ இன்னும் டூட்டில வச்சிருக்காங்கண்ணா," என்றாள். ஏட்டம்மா அவள் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார்.

ஏரிக்கரையில் ஒரு போலீஸ் பூத் வைக்கிற யோசனை அவருக்கு வந்ததில் ஆச்சரியமில்லை.

கம்பெனி பஸ் பெண்களை மெயின் ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து ஹாஸ்டலுக்கு ஏரிக்கரை ஓரமாக நடக்க வேண்டும். மழைக்காலத்தில் ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும். பைக்கில் வந்து போனைப் பறிப்பது, துப்பட்டாவை இழுப்பது என்று அடிக்கடி நடந்தது. ஹாஸ்டல் வார்டன் அம்மா, கையில் குடையோடு வந்து உட்கார்ந்து, சாயங்காலம் ஒரு மணி நேரம், ஒரே ஒரு போலீஸ் நின்றால் போதும் என்று கேட்டார். அந்த ஒருவர்தான் எங்களிடம் இல்லை. அதே நேரத்தில்தான் ஜங்ஷனில் லாரிகளை ஒழுங்குபடுத்த வேண்டும், அதே நேரத்தில்தான் ஸ்டேஷனில் புகார் வரும்.

பழைய டிராஃபிக் பூத் ஒன்று ஸ்டேஷனுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தது. ஏட்டம்மா அதற்கு நீலமும் வெள்ளையும் அடிக்க வைத்து, ஏரிக்கரைத் திருப்பத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். ஹாஸ்டலிலிருந்து ஒரு லைட் இழுத்தார். உள்ளே ஒரு மேசை, நாற்காலி, நாற்காலியின் முதுகில் ஒரு துண்டு, மேசையில் தொப்பி, தண்ணீர் பாட்டில். முதல் வாரம் முழுவதும் என்னையே அங்கே நிறுத்தினார். ஜங்ஷனில் லாரிக்காரர்கள் எங்களைத் திட்டித் தீர்த்தார்கள். இரண்டாம் வாரம் என்னை எடுத்துவிட்டார். லைட்டும் தொப்பியும் மட்டும் டூட்டி பார்த்தன.

அது பலித்தது. பறிப்பு நின்றுவிட்டது. போலீஸ் இப்போதுதான் டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று எல்லோரும் நம்பினார்கள். நான் போகும்போதும் வரும்போதும் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி வைப்பேன், பாட்டிலில் தண்ணீரைக் குறைத்து வைப்பேன். ஏட்டம்மா உத்தரவு.

கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒருநாள் பூத்துக்குப் போனேன். மேசையில் டிஷ்யூ பேப்பரால் மூடி ஒரு துண்டு கேக் இருந்தது. பக்கத்தில் சாக்லேட் ஒன்று. ஹாஸ்டல் பெண்களில் யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், தினமும் தங்களுக்காக நிற்கிற போலீஸுக்கு. ஸ்டேஷனுக்கு எடுத்து வந்து ஏட்டம்மாவிடம் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை டிரைவருக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு எழுந்து போனார். "பாவம்பா," என்றது மட்டும் கேட்டது.

அன்றே எனக்கு உள்ளுக்குள் ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆனால் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பலித்துக்கொண்டிருக்கிற ஒன்றை யார் குறை சொல்வார்கள்?

அடுத்த ஆண்டு ஒரு வாய்ப்பு வந்தது. பயிற்சி முடித்த புதுக் காவலர்களை மாவட்டத்தில் பிரித்துக் கொடுக்கப்போகிறார்கள். எந்த ஸ்டேஷனுக்கு எவ்வளவு தேவை என்று பார்க்க ஓர் அதிகாரி ஸ்டேஷன் ஸ்டேஷனாக வருகிறார். அவர் வருகிற நாளில் எங்கள் இன்ஸ்பெக்டருக்கு வெளியூர் பந்தோபஸ்து. சிறப்பு எஸ்.ஐ. மருத்துவ விடுப்பில். ஸ்டேஷனைக் காட்ட வேண்டியது ஏட்டம்மா.

நான் முந்தின நாளே அவரிடம் உட்கார்ந்து பேசினேன். இந்த ஒரு நாள் எதையும் மறைக்காமல் இருப்போம், ஸ்டேஷன் எப்படி இருக்கிறதோ அப்படியே அவர் பார்க்கட்டும், புது ஆட்கள் வந்தால் முதல் ஆளைப் பூத்தில் போடலாம் என்றேன். அவர் சுவரில் இருந்த தொப்பிகளை ஒருமுறை பார்த்தார். சரிப்பா, படிச்ச புள்ள நீ சொல்ற என்றார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தொப்பிகளை இறக்கி டிரங்குப் பெட்டியில் போட்டோம். காலி ஆணிகளோடு அந்தச் சுவரைப் பார்க்க எனக்கே ஒருமாதிரி இருந்தது.

மறுநாள் காலை நான் போனபோது தொப்பிகள் எல்லாம் ஆணிக்கு வந்துவிட்டிருந்தன. வாசலில் ஊர்க்காவல் படைப் பையன்கள் ஆறேழு பேர் விறைப்பாக நின்றார்கள். கோர்ட் டூட்டிக்காரரைக்கூட அன்று கோர்ட்டுக்குப் போகவிடாமல் ஏட்டம்மா பிடித்து வைத்திருந்தார். வாசலில் கோலம். பெஞ்சில் புகார் கொடுக்க வந்தவர்களுக்குத் தண்ணீர், விசிறி. நான் ஏட்டம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அதிகாரி நல்ல மனிதர். அதட்டல் இல்லை. பதிவேடுகளைப் பார்த்தார். எங்கள் எல்லையில் வழிப்பறி குறைந்திருப்பதைப் பார்த்தார். ஏரிக்கரைப் பூத்தை வரும் வழியில் பார்த்ததாகச் சொல்லி, தினமும் ஆள் போடுகிறீர்களா என்று கேட்டார்.

"ஆமாங்கய்யா."

"ஸ்ட்ரெங்த் போதுதா?"

ஏட்டம்மா தலையைப் பின்னால் சாய்த்து, விறைப்பாக நின்று, "சமாளிச்சிக்கிறோங்கய்யா," என்றார்.

அதிகாரி கிளம்பும்போது ஜீப் கதவைத் திறந்துவிட்ட என்னிடம், போகிற ஸ்டேஷன் எல்லாம் கையேந்துகிறது, கேட்காத ஸ்டேஷன் இது ஒன்றுதான் என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். கையில் இருக்கிற கொஞ்ச ஆட்களை இத்தனை ஸ்டேஷனுக்குப் பிரிக்க வேண்டியவருக்கு, கேட்காத ஸ்டேஷன் எவ்வளவு பெரிய நிம்மதி என்று இப்போது எனக்குப் புரிகிறது.

அவர் போனதும் நான் சண்டை போட்டேன். ஏட்டம்மாவிடம் நான் குரல் உயர்த்தியது அந்த ஒருமுறைதான். பெட்டியில் போட்ட தொப்பியை எதற்கு எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"வூட்டுக்கு ஒரு ஆளு வந்தா கிழிஞ்ச பாயையா விரிச்சுக் காட்டுவாங்க?"

"கிழிஞ்சிருக்குன்னு தெரிஞ்சாத்தான்க்கா புதுப் பாய் வரும்."

"நீ சொன்னா மாதிரிதான் வுட்டுட்டுப் போனேன்பா. காலையில வந்து அந்த சுவத்தைப் பாத்தேன். முடியல." ஆணியில் கோணலாக இருந்த ஒரு தொப்பியை நேராக்கினார். "இத்தினி வருஷமா நான் ஒருத்தி ஓட்டிக்கினு வந்தேன். ஒண்ணுமே இல்லன்னு எப்படிக் காட்றது?"

புதுக் காவலர்களில் ஒருவரும் எங்களுக்கு வரவில்லை. அதோடு, எங்கள் டிரைவரை ஆள் பற்றாக்குறை உள்ள வேறு ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். உத்தரவில் நியாயம்தான் இருந்தது. காகிதத்தில் எங்களைவிட அவர்கள் மோசம்.

மழைக்காலம் மறுபடி வந்தது. ஒரு சாயங்காலம், தூறல். தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, போன் கம்பெனியில் லைனில் வேலை பார்க்கிறவள், அன்று தோழிகளை விட்டுப் பின்தங்கி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். பைக்கில் ஒருவன் பின்னால் வருவதைக் கவனித்து ஓடத் தொடங்கினாள். வலது கைப் பக்கம் கூப்பிடு தூரத்தில் டீக்கடை, அங்கே நாலைந்து பேர் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். இடது கைப் பக்கம், இன்னும் கொஞ்சம் தள்ளி, எங்கள் பூத்தின் வெளிச்சம். அவள் பூத்தை நோக்கி ஓடினாள். அங்கே தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. பைக்கில் வந்தவனுக்கும் அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும், உள்ளே ஆள் இல்லை என்று. பையைப் பிடித்து இழுத்தான். அவள் விடாமல் பிடித்ததில் பூத்தின் சிமெண்ட் மேடையில் கை அடிபட விழுந்தாள். மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது.

ஆஸ்பத்திரியில் வாக்குமூலம் வாங்க ஏட்டம்மாவே போனார். நான் எழுதினேன். அந்தப் பெண் அழவில்லை. கை குணமாகும்வரை கான்ட்ராக்ட்காரர் வேலையில் வைத்திருக்க மாட்டார், ஊருக்குப் போனால் திரும்பி வர விடமாட்டார்கள் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் சண்டை போட்டு வேலைக்கு வந்தவளாம். பறிபோன பையைவிட அதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

பக்கத்திலேயே டீக்கடை இருந்ததே, அங்கே ஓடியிருக்கலாமே என்று ஏட்டம்மா மெல்லக் கேட்டார்.

அவள் புரியாமல் பார்த்தாள். "போலீஸ் இருக்கையில டீக்கடைக்கு எதுக்கு மேடம் ஓடணும்?"

நான் பேனாவை நிறுத்தினேன். எழுது என்று ஏட்டம்மா கையைக் காட்டினார். எழுதினேன்.

அந்த வாரமே ஏட்டம்மா அதே அதிகாரியைப் போய்ப் பார்த்தார். என்னைத் துணைக்குக் கூட்டிப்போனார். கதவு திறந்திருந்ததால் பேச்சு வெளியே எனக்குக் கேட்டது. பூத்தில் ஆள் போடவில்லை, ஆரம்பத்தில் ஒரு வாரத்தைத் தவிர எப்போதும் போட்டதில்லை, போட ஆள் இல்லை, அன்று நீங்கள் கேட்டபோது பொய் சொன்னேன் என்றார். பிறகு எங்கள் பலகைக் கணக்கில் இருக்கிற ஒவ்வோர் ஆளும் எங்கே இருக்கிறார் என்று சொன்னார். என்னிடம் முதல் நாள் சொன்னதேதான், ஆனால் இந்தமுறை கல்யாணப் பத்திரிகை இல்லை.

அதிகாரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஏட்டம்மா தாங்கியிருப்பார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா நாலு பேர் குடுத்திருப்பேன்மா," என்றார். "இப்ப எல்லாரும் ஜாயின் பண்ணிட்டாங்க. எவன்கிட்ட இருந்து புடுங்கட்டும்?"

தவறான தகவல் கொடுத்ததற்காக ஏட்டம்மாவுக்கு மெமோ வந்தது. சம்பள உயர்வு நின்றது. பிறகு அவரைக் காஞ்சிபுரம் பக்கம் ஓர் ஆவண அறைக்கு மாற்றினார்கள். அங்கே போய் ஒருமுறை பார்த்தேன். ஜன்னலே இல்லாத அறையில், பழைய கோப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்றதற்கு, இங்க யாரும் வரமாட்டாங்கப்பா, அதனால கஷ்டம் இல்ல என்றார். தென்காசிப் பெண்ணுக்குப் போன் செய்ததாகவும், யாரோ ஓர் ஆண் எடுத்து, அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, இனிமேல் கூப்பிட வேண்டாம் என்று சொன்னதாகவும் சொன்னார்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த அறை இல்லை. மாற்றல் உத்தரவு வருவதற்குச் சில நாள் முந்தைய ஒரு சாயங்காலம்.

அதிகாரியைப் பார்த்துவிட்டு வந்த அன்றே அவர் பூத்தை எடுத்துவிட்டார். லைட் வயரைத் தன் கையாலேயே அறுத்தார். ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து பழைய இடத்திலேயே போட்டோம். இரண்டு நாள் கழித்து ஹாஸ்டல் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். வேலை முடிந்து நேராக வந்தவர்கள், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. யாரும் உட்காரவில்லை. மதுரைப் பேச்சில் ஒருத்தி பேசினாள். பூத்தில் ஆள் இருந்ததில்லை என்று இப்போது எங்களுக்குத் தெரியும் மேடம், பரவாயில்லை. ஆனால் அது அங்கே இருந்தவரை பைக்கில் வருகிறவர்கள் பயந்தார்கள். ஆள் இல்லாவிட்டாலும் அந்த லைட்டையாவது திரும்ப வையுங்கள் என்று கேட்டாள்.

நான் ஏட்டம்மாவைப் பார்த்தேன். அவர் நினைத்தால் ஒரு மணி நேரத்தில் பூத்தை மறுபடி நிறுத்திவிடுவார். அந்தப் பெண்கள் சந்தோஷமாகப் போவார்கள். எல்லோரும் சேர்ந்து அதைத்தான் கேட்கிறார்கள்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்து அவர்கள் பக்கம் வந்தார்.

"வைக்க மாட்டேன்மா."

அப்படியானால் ஆள் எப்போது போடுவீர்கள் என்று இன்னொருத்தி கேட்டாள்.

"ஆள் இல்ல. எப்ப வருவாங்கன்னு தெரியல." அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வெளியாட்களிடம் வந்து நான் கேட்டதே இல்லை. ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்துச் சொன்னார். "ஒண்ணா நடந்து போங்க. எவனாச்சும் துரத்தினா, எங்களைத் தேடி ஓடி வராதீங்கம்மா. ஜனம் நிக்கிற பக்கமாப் பாத்து ஓடுங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குள் நின்று இப்படி ஒரு பதிலை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. பிறகு தலையாட்டிவிட்டுக் கூட்டமாக வெளியே இறங்கினார்கள். கடைசியாகப் போனவள் வாசற்படியில் திரும்பி, பழக்கத்தில், "தேங்க்ஸ் மேடம்" என்றாள்.

ஏட்டம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.